விரல் நீள நூல்

குரோஷாவில் தப்பு வந்தால் கொக்கியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தால் போதும். பத்து வரிசை வேலை பத்து நொடியில் அவிழ்ந்து மறுபடி வெறும் நூலாகிவிடும். ஸ்வெட்டர் பின்னலும் அப்படித்தான். இரண்டிலும் இருப்பவை முடிச்சுகள் அல்ல, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி நிற்கும் கண்ணிகள். கடைசிக் கண்ணியை விட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வழிவிடும். டாட்டிங்கில் இந்தச் சலுகை கிடையாது. அது முழுக்க முழுக்க முடிச்சு. போட்ட முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகத்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் போட ஆனதைவிட நாலு மடங்கு நேரமாகும்.

டாட்டிங் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற, படகு போன்ற ஒரு ஷட்டில். அதன் வயிற்றில் நூல் சுற்றியிருக்கும். அந்த நூலை இடது கை விரல்களைச் சுற்றி வளையமாகப் பிடித்துக்கொண்டு, ஷட்டிலை அதன் அடியிலும் மேலுமாக நுழைத்து எடுத்தால் அரை முடிச்சு. எதிர்த்திசையில் இன்னோர் அரை முடிச்சு. இரண்டும் சேர்ந்தது ஒரு டபுள் ஸ்டிச். இப்படி இருபது போட்டுவிட்டு ஷட்டில் நூலை இழுத்தால், முடிச்சுகளின் உள்ளே ஓடும் இழை சுருங்கி, விரல்களைச் சுற்றியிருந்த வளையம் மூடிக்கொள்ளும். கையில் இருப்பது ஒரு மல்லிகை இதழ் அளவுக்கு ஒரு நூல் வளையம். முடிச்சுகளுக்கு நடுவே வேண்டுமென்றே தளர்த்தி விடும் சின்னக் கண்ணிக்கு பிக்கோ என்று பெயர். அழகுக்கும் அதுதான், பக்கத்து வளையத்தைப் பிணைப்பதற்கும் அதுதான். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வில் போல வளைந்து போகிற பகுதி செயின். அதற்கு நூற்கண்டிலிருந்து வரும் இரண்டாவது நூலும் வேண்டும். மொத்தச் சரக்கு இவ்வளவுதான். ஒரே ஒரு முடிச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கலை முழுவதும் நடக்கிறது.

வளையம் மூடும்வரை பிரச்சினை இல்லை. எண்ணிக்கை தப்பினால் நகத்தால் நெம்பி, இரண்டு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். மூடிய பிறகு கதை வேறு. கடைசி பிக்கோவின் இரு பக்கத்து முடிச்சுகளையும் நகத்தால் விலக்கினால் உள்ளே ஓடும் இழை ஒரு மயிரளவு தெரியும். அதை ஊசி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும். இழை பஞ்சாகப் பிரியாமல் வந்தால் வளையம் திறக்கும். பிக்கோ இல்லாத வளையமாக இருந்தால், அல்லது கை இறுக்கமானவர் போட்டதாக இருந்தால், அதுவும் இல்லை.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த இடம் முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகுதான் மரியாதை வந்தது. எங்கள் வேலையில் எதையும் திரும்பப் பெறலாம் என்ற நினைப்பிலேயே நாள் முழுவதும் ஓடுகிறது. கன்ட்ரோல் இசட் அடிக்கலாம். கிட்டில் ரிவெர்ட் கொடுக்கலாம். நேற்றைய பதிப்பு பத்திரமாக எங்கோ இருக்கிறது. ஷட்டிலுக்கு நேற்றைய பதிப்பு என்று ஒன்று இல்லை. மூடிய ஒவ்வொரு வளையமும் ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

*

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அத்தை, அப்பாவின் அக்கா. நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தையல் டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பொறியியல் படித்த நாலு வருடமும் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். மாலையில் கரண்ட் போனால் படிக்க முடியாது. அத்தை மட்டும் திண்ணையில் அரையிருட்டில் உட்கார்ந்து ஷட்டிலை டிக் டிக் என்று ஓட்டிக்கொண்டிருப்பாள். சும்மா பார்த்துக்கொண்டிருந்த என் கையில் ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் ஷட்டிலைத் திணித்தாள். "ஆம்பளப் பயலுக்கு என்னத்துக்குன்னு கேக்காதே. கடல்ல வலை பின்னுறது ஆரு?" என்றாள். அதற்குப் பதில் இல்லை.

தையல் டீச்சர் பயிற்சியில் சாம்பிள் ஆல்பம் என்று ஒன்று செய்ய வேண்டும். கருப்புத் தாளில் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு துண்டு ஒட்டி, கீழே பெயர் எழுதி, மதிப்பெண்ணுக்குக் காட்ட வேண்டும். அத்தையின் அந்த ஆல்பம் அழகானது. ஆனால் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது அவளுடைய இன்னோர் ஆல்பத்தை. அதில் இருந்தது முழுக்கத் தப்புகள். முப்பது வருடமாக மாணவிகளிடமிருந்து வாங்கிச் சேர்த்த தப்பு வளையங்களை வகை பிரித்துக் குத்தி வைத்திருந்தாள். யாருடையது என்று பெயர் இருக்காது. வகையின் பெயர் இருக்கும், அதன் அடியில் ஒரே ஒரு சொல் இருக்கும்.

எண்ணிக்கை குறைவு. நிற்கும்.

பிக்கோ உயரம் சமமில்லை. நிற்கும்.

முன்பக்கம் பின்பக்கம் மாறியது. நிற்கும்.

விட்டுப்போன பிணைப்பு. தைத்தால் நிற்கும்.

புரளாத முடிச்சு. நிற்காது.

ஒட்ட வெட்டிய நுனி. நிற்காது.

அவ்வளவுதான் அவளுடைய பிழைக் கோட்பாடு. அழகா இல்லையா என்ற கேள்வி அந்த ஆல்பத்தில் எங்குமே கிடையாது. துவைத்தால் நிற்குமா நிற்காதா, அது ஒன்றுதான்.

இதில் ‘புரளாத முடிச்சு’ மட்டும் கொஞ்சம் விளக்கம் கேட்கும். டாட்டிங் பழகுகிற எல்லோரும் வாரக்கணக்கில் முட்டி நிற்பது அங்கேதான். ஷட்டில் நூல்தான் சுற்றிப் போய் முடிச்சைப் போடுகிறது. ஆனால் முடிச்சு ஷட்டில் நூலிலேயே இருந்துவிடக் கூடாது. ஷட்டில் நூலை வெடுக்கென்று இறுக்கி, விரலைச் சுற்றிய நூலைத் தளர்த்தினால், முடிச்சு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புரளும். அதாவது, இப்போது விரல் நூல்தான் ஷட்டில் நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஷட்டில் நூல் நடுவே நேராக ஓடும். அதனால்தான் இழுத்தால் வளையம் மூடுகிறது. இருபது முடிச்சில் ஒரேயோர் அரை முடிச்சு புரளாமல் போனாலும் அது பூட்டு போட்ட மாதிரி. எவ்வளவு இழுத்தாலும் வளையம் அந்த இடத்தில் நின்றுவிடும், பாதி மூடியும் பாதி திறந்தும். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கான முடிச்சுகளும் அதுவும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும்.

*

எங்கள் ஊருக்கும் லேஸுக்கும் பழைய உறவு உண்டு. 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, கூடவே லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தத் தேரிக்காட்டுக்கும் லேஸ் போனது. ஆனால் அது டாட்டிங் அல்ல. அது தலையணை லேஸ். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய பல நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதில் தப்பு கண்ணில் பட்டால், குண்டூசியை எடுத்துவிட்டு, குச்சிகளை வந்த வழியே பின்னோக்கி மாற்றிக்கொண்டே போனால் தப்பு நடந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். மெதுவான வேலைதான், ஆனாலும் பாதை இருக்கிறது.

டாட்டிங் தனித் தொழிலாகப் பெரிதாக வேரூன்றியது போலத் தெரியவில்லை. அது வீட்டு வேலை, வகுப்பறை வேலை, பேசிக்கொண்டே செய்யும் வேலை. இத்தாலிய மொழியில் அதன் பெயரே அரட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது, கியாக்கியெரினோ. பிரெஞ்சில் ஃப்ரிவொலிதே, வெட்டிப்பொழுது. பெயரிலேயே விபத்துக்கான காரணமும் இருக்கிறது. இந்த வேலையின் எண்ணிக்கைத் தப்புகளில் முக்கால்வாசி, பக்கத்தில் ஒருவர் ஏதாவது சுவாரசியமாகச் சொன்னதால் வந்தவை. அத்தை சொல்வாள், "இந்தக் கர்ச்சீப்ப பாரு. இந்த மூலையில எவளுக்கோ கல்யாணம் நிச்சயமாயிருக்கு." அந்த மூலையில் ஒரு வளையம் மெலிந்திருக்கும்.

விட்டுப்போன பிணைப்பைப் பிறகு ஊசியால் தைத்துச் சேர்ப்பதை, டாட்டிங்கில் தேர்ந்தவர்கள் சிலர் ஏமாற்று வேலை என்று நினைப்பதுண்டு. உண்மையில் அதுதான் பழைய முறை. வேலையின் போக்கிலேயே பிக்கோவோடு வளையத்தைப் பிணைக்கும் வழி 1850-களின் கைவேலைப் புத்தகங்களில்தான் பரவலாக வருகிறது. அதற்கு முன் வளையங்களைத் தனியாகப் போட்டுவிட்டு, பிறகு நூலால் கோத்தோ முடிந்தோதான் சேர்த்தார்கள். 1886-இல் வந்த தெரேஸ் தெ தில்மோனின் புகழ்பெற்ற கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் டாட்டிங்குக்கு ஒரு முழு அத்தியாயமே உண்டு. அதற்குள் பிணைப்பு என்பது அடிப்படைப் பாடமாகிவிட்டது. ஆக, ஊசியால் தைத்துச் சேர்ப்பவர் தன் பாட்டியின் பாட்டி செய்ததைத்தான் செய்கிறார். அத்தைக்கு இந்த வரலாறு தெரியாது. "நிக்குதுல்ல?" என்பதுதான் அவள் வாதம்.

*

கைவேலையில் வரும் தப்பைப் பற்றி இணையத்தில் இரண்டே ஆறுதல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, பாரசீகக் கம்பளக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு தப்பை வைப்பார்களாம், பூரணம் கடவுளுக்கே உரியது என்பதால். இன்னொன்று, உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தால் ஒட்டும் ஜப்பானிய கின்சுகி. இந்த இரண்டையும் யாராவது எனக்கு அனுப்பாத மாதம் இல்லை.

கின்சுகி உண்மையான கலைதான். ஆனால் அந்தப் படத்தைப் பகிர்பவர்கள் பார்ப்பது தங்கக் கோட்டை மட்டும். உள்ளே ஒட்டி நிற்பது அரக்கு. அது இறுகி உலர வாரக்கணக்காகும். மேலே தூவியது பொன்தூள். அரக்கு பிடிக்கவில்லை என்றால் பொன்தூள் எதையும் தாங்காது. அதாவது அந்தக் கலையும் முதலில் கேட்பது அத்தையின் கேள்வியைத்தான். நிற்குமா? அதற்குப் பிறகுதான் அழகு.

தப்பு எல்லாமே அழகு என்று சொல்வதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அது தப்பைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு நாகரிகமான வழி. 19 முடிச்சுள்ள வளையமும் பாதி திறந்து நிற்கிற வளையமும் அந்தப் பார்வையில் ஒன்றுதான், இரண்டுமே ‘மனிதக் கையின் தடம்’. மறுபக்கம், ஒரு முடிச்சு குறைந்தாலும் மொத்தத்தையும் வெட்டி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எல்லாத் தப்பும் ஒன்றுதான். இரண்டு கூட்டமும் ஒரு வேலையைச் செய்வதில்லை. குனிந்து, இது எந்த வகைத் தப்பு என்று பார்ப்பதில்லை.

ஒரு மென்பொருளில் பிழை வந்தால் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். பட்டனின் நிறம் மாறியிருக்கிறதா, பணம் இரண்டு முறை கழிகிறதா? இரண்டும் பிழை. ஒன்றுக்காக இரவு மூன்று மணிக்கு யாரையும் எழுப்ப மாட்டோம்.

*

2021 கடைசியில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியும் கைக்குழந்தையும் நானும் நாகர்கோவிலில். ஜனவரியில் மகளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானதும் அத்தை, கவுனுக்கு விளிம்பு லேஸ் தானே போடுவதாகச் சொல்லிவிட்டாள். 40-ஆம் நம்பர் வெள்ளை நூல். நூலில் நம்பர் ஏற ஏற மெலியும். பழகுகிறவர்கள் 10-இலோ 20-இலோ தொடங்குவார்கள். ஒரு வளையம், ஒரு செயின், மறுபடி வளையம். வளையத்துக்கு ஐந்து ஐந்தாக நாலு பங்கு, இருபது முடிச்சு, நடுவில் மூன்று பிக்கோ. பக்கத்து இரண்டு பிக்கோவும் அண்டை வளையங்களைப் பிடிக்கும். உச்சியில் இருப்பது சும்மா அழகுக்கு. கவுனின் சுற்றளவுக்கு 104 வளையம் வேண்டும்.

அத்தைக்கு அப்போது 68 வயது. இருபது வருடச் சர்க்கரை. விழித்திரையில் இரண்டு முறை லேசர் வைத்தாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. பார்க்கிற இடத்தில் சாம்பல் அப்பிய மாதிரி இருக்கிறது என்பாள். கண் போனாலும் கை பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் நினைக்கலாம், நாங்களும் அப்படித்தான் நம்ப விரும்பினோம். ஆனால் சர்க்கரை கண்ணோடு நிற்பதில்லை. விரல் நுனியும் மரத்துக்கொண்டு வந்தது. முடிச்சு புரளும்போது விரலில் ஒரு சின்ன வழுக்கல் தெரியும், அதை வைத்துத்தான் அனுபவசாலிகள் பார்க்காமலே போடுகிறார்கள். அந்த வழுக்கல் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அவளே ஒருநாள் சொன்னாள், மழை வருகிறது என்று சொல்கிற குரலில்.

டிசம்பர் நடுவில் லேஸ் முடிந்தது. கருப்புத் துணி விரித்து அதன் மேல் நீளமாகப் போட்டாள். "ஒண்ணு விடாம பாரு. பாத்துட்டு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். குரலைத் தாழ்த்தி, "நல்லாருக்குன்னு சொல்லிரு. வயசான காலத்துல அவளுக்கு எதுக்கு? கைக்குழந்த கவுன எவன் உத்துப் பாக்கப் போறான்?" என்றார். அன்பில் சொன்னதுதான், கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

எங்கள் வேலையில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்து ஒப்புதல் தர வேண்டும். சரியாக வாசிக்க நேரமோ மனமோ இல்லாதபோது போடுவதற்கென்றே நாலு எழுத்து இருக்கிறது. எல்ஜிடிஎம், ‘பார்த்தேன், நன்றாக இருக்கிறது’. பெரும்பாலும் அதன் உண்மையான பொருள், பார்க்கவில்லை என்பதுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், சீக்கிரம் வேலையை விட்டுப் போகப்போகிறவர்களுக்கும் அது அதிகம் கிடைக்கும். இவர்களிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்கும் ஆட்களுக்கு நாம் தருகிற மரியாதை அது. அத்தைக்கு அதைத் தந்தால், அன்றோடு அவளை வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பியதாகத்தான் அர்த்தம். அவளிடம் சொல்லாமலே. முப்பது வருடம் பிள்ளைகளின் வேலையைக் கையில் வாங்கி உண்மையைச் சொன்ன ஒருத்திக்கு, கடைசியில் கிடைப்பது பொய்யாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. அதே சமயம் அப்பா சொன்னதும் காதில் இருந்தது. சொன்னால் அவள் ஷட்டிலை மூடி வைத்துவிட்டால்?

செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்த்தேன். அத்தை காபி டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மூணு இடம்" என்றேன்.

"சொல்லு."

"37-ஆவது வளையத்துல மூணாம் பங்குல நாலுதான் இருக்கு."

"நிக்கும். அடுத்தது."

"58-க்கும் 59-க்கும் பிணைப்பு இல்ல."

"தைச்சிரலாம். அடுத்தது."

"71 மூடல. பாதியில நிக்குது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. கையை நீட்டினாள். அந்த இடத்தை அவள் விரலில் வைத்தேன். கட்டை விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு உதட்டில் வைத்துப் பார்த்தாள். மரத்துப்போகாத இடம் அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பொரளல" என்றாள். "பிள்ள கால் வெரல் இதுல மாட்டும். வெட்டணும்."

*

33 வளையம் தாண்டிப் போய்விட்ட வேலையில் நடுவில் இருக்கும் ஒரு வளையத்தை எப்படி வெட்டி எடுப்பது? எனக்குத் தெரியாது, எங்கும் படித்ததும் இல்லை. கடைசி 33-ஐயும் இழந்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஞானஸ்நானத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அத்தை சொன்னாள், "எல்லாத்தையும் வெட்டாண்டாம். உச்சி பிக்கோவ மட்டும் வெட்டு, மக்ளே. வேற எங்கயும் கத்திரி படப்பிடாது, கேட்டியா."

அதில் இருக்கும் கணக்கு அன்று இரவு காகிதத்தில் வரைந்து பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வளையத்தின் மற்ற எந்த இடத்தில் கத்தரித்தாலும் இரண்டு நூல் அறுபடும். முடிச்சு போடுகிற நூல், முடிச்சுகளின் உள்ளே ஓடுகிற நூல். உள்நூல் அறுந்தால் ஒரு பக்கத்தில் பிடித்துக் கட்ட அரை அங்குலம்கூட மிஞ்சாது. பிக்கோவில் மட்டும் உள்நூல் இல்லை. அது முடிச்சு நூலின் வெறும் கண்ணி. உச்சி பிக்கோவோ சரியாக நடுவில் இருக்கிறது. அதை வெட்டினால் முடிச்சு நூல் பாதிக்குப் பாதியாகப் பிரியும், இந்தப் பக்கம் பத்து முடிச்சு, அந்தப் பக்கம் பத்து முடிச்சு. ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தால் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு ஒரு நூல் கையில் கிடைக்கும். அந்த நீளம் போதும், புது வளையத்தின் இரண்டு நுனிகளோடும் சேர்த்து முடிய.

அதாவது, சரிசெய்யத் தேவையான நூல் தப்பான வளையத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. வேறு எங்கிருந்தும் கடன் வாங்க முடியாது. முன்னால் இருக்கும் செயினும் தராது, பின்னால் இருக்கும் செயினும் தராது. அந்த வளையத்தை முடிச்சு முடிச்சாக அவிழ்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் அது தரும். அவசரப்பட்டு வேரோடு கத்தரித்துவிட்டால் கட்டுவதற்கு நுனியே இருக்காது.

வெட்டியது நான். கத்தரி முனை பிக்கோவுக்குள் போனதும் அத்தை, "பிக்கோதான?" என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். இருபது முடிச்சையும் ஊசி முனையால் அவிழ்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. புரளாத அரை முடிச்சு பதினான்காவதில் இருந்தது. அவிழ்ந்த நூல் நேராக இல்லை. ஒவ்வொரு முடிச்சும் இருந்த இடத்தில் சின்ன நெளிவோடு, சுருட்டை முடி மாதிரி இருந்தது.

புது வளையத்தை அத்தைதான் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் அரை முடிச்சையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, "பொரண்டாச்சு" என்று சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகுதான் அடுத்தது. நாற்பது தடவை சொன்னேன். வெறுமனே சொல்கிறேனா, பார்த்துச் சொல்கிறேனா என்று சோதிக்க நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே புரட்டாமல் நிறுத்தினாள். "இல்ல" என்றேன். சிரித்துக்கொண்டு சரிசெய்தாள். 70-ஐ அதன் பிக்கோவில் பிணைத்தாள். 72 பிடித்திருந்த இடத்தில் மட்டும் ஊசியில் நூலைக் கோத்து நான் சேர்த்தேன். நாலு நுனிகளையும் இரண்டிரண்டாக முடிந்து, மிச்சத்தைச் செயினின் முடிச்சுகளுக்கு அடியில் நுழைத்து மறைத்தேன். ஒட்ட வெட்டவில்லை. ஒட்ட வெட்டிய நுனி நிற்காது.

37-ஐத் தொடவில்லை.

மறுநாள் காலையில் தப்பு ஆல்பத்தை எடுத்துவரச் சொன்னாள். மறைத்தது போக மிஞ்சியிருந்த நெளிநெளி நூல் துண்டுகளை ஒரு கருப்புத் தாளில் குத்தச் சொன்னாள். அந்த ஆல்பத்தில் அவளுடையது என்று அதுவரை ஒன்றுகூட இல்லை. கீழே அவளால் எழுத முடியவில்லை. அவள் சொல்ல நான் எழுதினேன்.

"புரளாத முடிச்சு. வெட்டிப் போட்டது." கொஞ்சம் யோசித்தாள். "நிற்கும்னு போடு."

அந்த ஞானஸ்நானத்துக்குப் பிறகு அத்தை 40-ஆம் நம்பரைத் தொடுவதில்லை. தடித்த 10-ஆம் நம்பர் நூல்தான், அதுவும் கரும்சிவப்பிலோ நீலத்திலோ. எல்லாவற்றையும் கூரியரில் எனக்கு அனுப்புகிறாள். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்து, போனில் எண்களைச் சொல்கிறேன். சில வாரம் ஒன்று, சில வாரம் ஏழு. "நிக்கும்", "நிக்கும்", "அத வெட்டு" என்று வரிசையாகப் பதில் வரும். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு இன்னும் பிடிக்கவில்லை.

கவுனைப் போன வருடம் தம்பி மகனுக்கும் போட்டார்கள். இரண்டு ஞானஸ்நானம், நாலைந்து துவைப்பு. 71-ஆவது எது என்று இப்போது எண்ணிப் பார்த்தால்தான் எனக்கே தெரியும். 37 அப்படியில்லை. அது ஒரு முடிச்சு மெலிந்து, அண்டை வளையங்களின் நடுவே லேசாகச் சாய்ந்து நிற்கிறது, பார்த்தவுடன் தெரியும்.